புகைமூட்டம்: மூடியது எது, மூட்டியது யார்?

தெளிவில்லாத நிலையைச் சொல்வதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. விளக்கு அணைந்தால் இருட்டு. விளக்கு எரிந்தும் எண்ணெய் குறைந்தால் மங்கல். ஆற்றில் மழைநீர் மண்ணோடு கலந்து வந்தால் கலங்கல். மழைக்கு முன் வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். எல்லாமே கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத நிலைதான் என்றாலும், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பேச முடியாது. ஆற்றுநீர் மப்பாக ஓடியது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லும் ‘தெரியவில்லை’ என்பதோடு ‘ஏன் தெரியவில்லை’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கலங்கல் என்றவுடன் அடியில் கிடந்த மண் மேலே வந்துவிட்டது என்று புரிந்துவிடுகிறதல்லவா?

இந்த வரிசையில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு மிகவும் பழகிப்போன சொல் ‘மூட்டம்’. மூட்டம் என்றால் தமிழ்நாட்டில் ஒருவருக்கு மேகமூட்டம் நினைவுக்கு வரலாம். நமக்கோ மூக்கின் நுனியில் கருகல் வாடை வந்துவிடும். புகைமூட்டம் இங்கே ஒரு பருவத்தின் பெயரைப்போல் ஆகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மழை குறைந்த ஆண்டுகளில், சுமத்ராவிலிருந்தும் கலிமந்தானிலிருந்தும் புகை வந்து சேர்கிறது. எதிர்ப்புறக் கட்டடம் மறைகிறது. சூரியன் பழுத்த தக்காளியைப்போல் தொங்குகிறது. பள்ளித் திடலில் விளையாட்டு நிறுத்தப்படுகிறது.

இந்தச் சொல்லை நாம் கையாளும் முறை சரியில்லை என்பது என் கருத்து. சொல்லில் குறை இல்லை. அது மிகவும் பொருத்தமான சொல். அதற்குத் துணையாக நாம் கொண்டுவந்து நிறுத்தும் வினைச்சொற்கள்தாம் அதன் பாதிப் பொருளைத் தின்றுவிடுகின்றன. பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடுகிறான் என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆடு–ஆட்டம், ஓடு–ஓட்டம், கூடு–கூட்டம், வாடு–வாட்டம். இதே வாய்பாட்டில் மூடு–மூட்டம். வினையடியின் ‘டு’ இரட்டித்து, தொழிற்பெயர் விகுதிகளுள் ஒன்றான ‘அம்’ வந்து சேர்ந்திருக்கிறது. மேகம் மூடினால் மேகமூட்டம். பனி மூடினால் பனிமூட்டம். கேமரன் மலையில் விடியற்காலையில் நின்றவர்களுக்குப் பனிமூட்டம் எப்படியிருக்கும் என்று தெரியும். அதை யாரும் உண்டாக்கவில்லை. வெயில் ஏறினால் அது தானாக விலகிவிடும். இதோடு நிறுத்திக்கொண்டால் புகைமூட்டமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: புகை மூடியிருக்கும் நிலை. நம்மில் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம்.

ஆனால் தமிழில் ‘மூட்டு’ என்று இன்னொரு வினை இருக்கிறது. ஊட்டு–ஊட்டம் என்பதுபோல மூட்டு–மூட்டம். அடுப்பு மூட்டுகிறோம். குளிருக்குத் தீ மூட்டுகிறோம். இரண்டு குடும்பங்களுக்கு இடையே பகை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களும் உண்டு. இந்த ‘மூட்டு’ என்பது ‘மூள்’ என்பதன் பிறவினை. உருள்–உருட்டு, சுருள்–சுருட்டு, திரள்–திரட்டு, மூள்–மூட்டு. பந்து உருண்டது என்றால் தன்வினை. பந்தை உருட்டினான் என்றால் பிறவினை. தேர்வுக்குப் படித்து, தேர்வோடு மறந்துபோன பாடம்தான் இது. தீ மூண்டது என்று எழுதினால் தீ தானே பற்றிக்கொண்டதுபோல் இருக்கிறது. தீ மூட்டினான் என்று எழுதினால் வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறான். ‘போர் மூண்டது’ என்று எழுதுகிற வரலாற்றாசிரியரும் ‘போரை மூட்டினார்கள்’ என்று எழுதுகிற வரலாற்றாசிரியரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள். படிப்பவன் கேட்கும் அடுத்த கேள்வி மட்டும் வேறாகிவிடுகிறது.

ஆகவே, மூட்டம் என்னும் சொல்லுக்குள் மூடுவதும் இருக்கிறது, மூட்டுவதும் இருக்கிறது. இவற்றுள் எது மூலவேர் என்ற வழக்கைச் சொற்பிறப்பு அறிஞர்களிடமே விட்டுவிடுகிறேன். வழக்காற்றில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன என்பதற்குச் சான்று வேண்டுமானால், நெருப்போடு தொழில் செய்கிறவர்களிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரியாக்குவது பலருக்குப் பிழைப்பு. அதற்குக் ‘கரிமூட்டம் போடுதல்’ என்று பெயர். வெட்டிய கட்டைகளை இடைவெளி இல்லாமல் குவித்து அடுக்குவார்கள். மேலே வைக்கோலையோ தழையையோ பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைப் பூசி முழுவதுமாக மூடிவிடுவார்கள். ஆங்காங்கே சிறு துளைகளை மட்டும் விட்டு, உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று போதாததால் கட்டை கொழுந்துவிட்டு எரியாது. நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று, புகைந்து, கரியாகும். மண் விரிசல் விட்டால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து நெருப்பு பிடித்துக்கொள்ளும். கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். இந்தத் தொழிலில் மூடுவதும் மூட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். மூட்டம் என்ற சொல்லை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியாலும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. பேராக்கில், முன்பு போர்ட் வெல்ட் என்று அழைக்கப்பட்ட கோலா செப்பெத்தாங்கில், மாத்தாங் சதுப்புக் காட்டின் பாக்காவ் மரங்களைச் செங்கல் சூளைகளில் அடுக்கிக் கரி சுடுகிறார்கள். சூளைவாயை அடைத்துச் சிறிய வழியை மட்டும் விட்டு வைத்திருப்பார்கள். கைதேர்ந்த தொழிலாளிக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. வெளியே வரும் புகையின் வாடையைக் கொண்டே கட்டை எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நமக்குப் பார்வையை மறைக்கும் புகை, அவருக்குச் செய்தி சொல்லும் புகை.

இன்னும் இரண்டு வழக்குகள். வாழைத்தார்களை அறையில் அடுக்கிக் கதவைச் சாத்தி, உள்ளே புகை உண்டாக்கிப் பழுக்கவைப்பதும் மூட்டம் போடுவதுதான். புகையில் உள்ள எத்திலீன் வாயுவும் அடைத்த அறையின் வெப்பமும் காயைக் கனியாக்குகின்றன. மாலை வேளையில் மாட்டுத் தொழுவத்தில் கொசுவை விரட்டச் சருகையும் வேப்பந்தழையையும் புகையவிடுவதற்கும் புகைமூட்டம் போடுதல் என்றே பெயர். இந்த ‘போடு’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பந்தல் போடுவதுபோல, கோலம் போடுவதுபோல, புகைமூட்டமும் ஒருவர் போடுவது. பனிமூட்டத்தை யாராலும் போட முடியாது. ஆள் இல்லாமல் புகைமூட்டம் இல்லை.

இனி சுமத்ராவுக்கு வருவோம். அங்கே ரியாவ், ஜாம்பி வட்டாரங்களிலும், கலிமந்தானிலும், நம் சரவாக்கிலும் பரந்து கிடப்பது ‘தானா கம்புட்’ என்று மலாயில் சொல்லப்படும் சதுப்புமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் வேரும் மரமும் நீரில் ஊறிக் கிடந்து, முழுவதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. சில இடங்களில் 10 மீட்டருக்கும் அதிக ஆழம். உண்மையில் அது மண்ணே அன்று, நனைந்த விறகு. நனைந்திருக்கும்வரை அதற்கு ஒன்றும் நேராது. செம்பனையோ காகிதக்கூழ் மரமோ நட வேண்டும் என்றால் நீர் வடிய வேண்டும். கால்வாய் வெட்டுகிறார்கள். நீர்மட்டம் இறங்குகிறது. விறகு காய்கிறது. பிறகு, வெட்டிப் போட்ட மரத்தையும் புதரையும் அப்புறப்படுத்துவதற்கு ஆக மலிவான கருவி தீப்பெட்டி.

மேலே வைத்த நெருப்பு கீழே இறங்குகிறது. மண்ணுக்கடியில் காற்று குறைவு என்பதால் சுவாலை இல்லாமல் கனல்கிறது. கனல்வதால் புகை மிகுதி. மேலே தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு அணைகிறது. அடியில் நெருப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், கனமழை பெய்து நீர்மட்டம் ஏறும்வரை அது ஓய்வதில்லை. மேலே மூடிய மண், உள்ளே கனல், துளைகளின் வழியே புகை. இராமநாதபுரத்துக்காரர் ஒருவரை அழைத்துச்சென்று காட்டினால் என்ன சொல்வார்? “யாரப்பா இவ்வளவு பெரிய மூட்டம் போட்டது?” என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்வியைத்தான் நம் வாக்கியங்கள் கேட்பதில்லை.

செய்திகளிலும் பேச்சிலும் நாம் எழுதுவதையும் சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். புகைமூட்டம் நிலவுகிறது. புகைமூட்டம் சூழ்ந்துள்ளது. மோசமடைந்து வருகிறது. மீண்டும் தலைகாட்டியது. மேற்குக்கரை மாநிலங்களைத் தாக்கியது. எங்கும் எழுவாய் புகைமூட்டமே. அது தானே பிறக்கிறது. தானே மலாக்கா நீரிணையைக் கடக்கிறது. தானே நம் வீட்டுச் சன்னலுக்குள் நுழைகிறது. கடைசியில் மழை வந்து அதைத் துரத்துகிறது. வில்லனும் வானிலை, கதாநாயகனும் வானிலை. ‘நிலவுதல்’ அமைதிக்கும் குளிருக்கும் பொருந்தும் வினை. அதைக் கொண்டுவந்து புகைக்குப் பக்கத்தில் வைத்தவுடன், போடப்பட்ட மூட்டம் பனிமூட்டத்தின் தம்பியாகிவிடுகிறது.

பள்ளிக் கட்டுரைகளில் இது இன்னும் முற்றிப்போயிருக்கிறது. ‘புகைமூட்டத்தின் விளைவுகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர்கள் மடமடவென்று எழுதுவார்கள். கண் எரிச்சல், ஆஸ்துமா, விமானப் பயணத் தடை, சுற்றுப்பயணிகள் வருகை குறைதல், முகக்கவரி அணிதல், நீர் அதிகம் அருந்துதல். அத்தனையும் சரி. காரணம் என்ற பத்தியில் வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, குப்பை எரித்தல் என்று வழக்கமான மூவரணி வந்து நிற்கும். தூய்மைக்கேட்டைப் பற்றிய எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் பத்தி அது. சதுப்புமண்ணைப் பற்றியோ, கால்வாயைப் பற்றியோ, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியோ ஒரு வரி எழுத அந்த மாணவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் அந்தக் கட்டுரையில் இருபது முறை எழுதிய சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அந்தச் சொல்லும் போய்விடுகிறது. “இன்னைக்கு ஹேஸ் மோசம்லா, வகுப்பு இருக்கா?” என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலச் சொல் கலப்பதைப் பற்றி இந்த இதழில் ஆண்டுதோறும் புலம்பல் வருவது வழக்கம். அந்தப் புலம்பலோடு இதையும் சேர்த்துவிட வேண்டாம். என் கவலை மொழித்தூய்மை அன்று. ‘ஹேஸ்’ என்ற சொல்லில் புகை இல்லை, நெருப்பு இல்லை. தூரத்து மலை நீலமாக மங்கித் தெரிவதற்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலாயில் நாம் சொல்லும் ‘ஜெரெபு’ என்பதிலும் புகையைக் குறிக்கும் ‘அசாப்’ இல்லை. புகை கிளம்பும் இந்தோனேசியாவில்தான் ‘காபுட் அசாப்’ என்று, மூடுபனியையும் புகையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர்களிடம் புகை இருக்கிறது. நம்மிடம் புகையும் இருக்கிறது. அதை மூட்டியவனும் இருக்கிறான். நாம் நாள்தோறும் பேசும் மொழிகளுள் மிக அதிகமாக உண்மை பேசும் சொல் நம்முடையதுதான். அதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே குறைவாகப் பேசுகிற சொல்லை எடுத்துக்கொள்கிறோம்.

சொல்லில் என்ன இருக்கிறது, எண்தானே முக்கியம் என்று அறிவியல் படிக்கும் நண்பர்கள் கேட்கலாம். எண்ணின் கதையைத்தான் பார்ப்போமே. 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. 300-ஐக் கடந்தாலே ஆபத்தான நிலை. அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, 1999 முதல் 2005 ஆகஸ்டு வரை, அந்தக் குறியீட்டு எண்ணை மலேசிய அரசு பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. சுற்றுப்பயணிகள் அஞ்சி வராமல் போவார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதுவும் வானளவு பூசணிக்காய். 2005 ஆகஸ்டு 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐக் கடந்து அவசரநிலை வந்தபோதுதான் எண்கள் மீண்டும் வெளியே வந்தன. எண் மூடுமந்திரமாக இருந்த அந்த ஆண்டுகளில் மக்களிடம் இருந்தவை கண்ணும் மூக்கும் சொல்லும் மட்டுமே.

கண்ணையும் மூக்கையும் குறைவாக எண்ண வேண்டாம். நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அளவைகளை விளக்கும் மணிமேகலையின் 29-ஆம் காதையிலும், கண்ணுக்குத் தெரியும் புகையைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நெருப்பை அறிவதுதான் எடுத்துக்காட்டாக வருகிறது. புகையைப் பார்த்துவிட்டுப் புகையோடு நின்றுவிடுவது நம் மரபில் அரைகுறை அறிவு.

எனக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது வானிலையைப் பற்றியது. 1997-உம் 2015-உம் கடுமையான எல் நினோ ஆண்டுகள். மழை பொய்த்தது, காடு காய்ந்தது, தீ மூண்டது. இதில் மூட்டியவனைத் தேடுவானேன் என்கிறார்கள். வறட்சி பெரிய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2013 எல் நினோ ஆண்டு அன்று. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 23 காலையில், ஜொகூரின் மூவாரில் 746. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை. வறட்சி விறகைக் காயவைக்கும், தீக்குச்சியை உரசாது. நீர் தேங்கி நிற்கும் சதுப்பு, சாதாரண வறட்சியில் தானாகப் பற்றிக்கொள்ளும் பொருளும் அன்று. கால்வாய் வெட்டியபோதே மூட்டம் போடும் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

இன்னொரு மறுப்பு: “சரி, மூட்டினார்கள் என்றே வைத்துக்கொள். யார் மூட்டினார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி எழுதுவது?” இது நேர்மையான கேள்வி. செய்தியாளர் தெரியாத ஒருவர்மேல் பழி போட முடியாது. ஆனால் நெருப்பு எங்கே எரிகிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது. ‘ஜொகூரில் புகைமூட்டம் நிலவுகிறது’ என்பதற்குப் பதிலாக, ‘ரியாவில் எரிக்கப்படும் சதுப்பு நிலத்தின் புகை ஜொகூரை அடைந்துள்ளது’ என்று எழுதுவதில் யார்மீதும் பழி இல்லை. செய்பவர் பெயர் இல்லாத செயப்பாட்டுவினைதான். இருந்தாலும் ‘எரிக்கப்படும்’ என்ற சொல், எரிப்பவருக்கு ஒரு நாற்காலியை ஒதுக்கி வைக்கிறது. உட்காருபவர் பிறகு வரட்டும்.

அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதில்தான் தமிழ் இலக்கணம் இன்னொரு படி முன்னே போகிறது. மூள் என்பதிலிருந்து மூட்டு வந்ததைப் பார்த்தோம். மூட்டு என்பதிலிருந்து மூட்டுவி. தீ மூண்டது, கூலியாள் மூட்டினான், நிலத்துக்காரன் மூட்டுவித்தான். ஒரே நெருப்புக்கு மூன்று வினைகள். முதலாவதில் குற்றவாளியே இல்லை. இரண்டாவதில் தீக்குச்சியைப் பிடித்த கை. மூன்றாவதில் அந்தக் கைக்குக் கூலி கொடுத்த கை.

ஆசியான் நாடுகள் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேடு குறித்த ஒப்பந்தத்தில் 2002 ஜூன் மாதம் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 2014-இல்தான். ஒப்பந்தத்தின் பெயரைப் பாருங்கள்: எல்லை தாண்டியது புகைமூட்டமாம்! கடவுச்சீட்டு இல்லாமல் அதுவே நடந்து வந்ததுபோல். அதே 2014-இல் சிங்கப்பூர் இயற்றிய சட்டம் மூன்றாவது வினையைக் கையில் எடுத்தது. வெளிநாட்டில் எரிந்தாலும், அந்தப் புகை சிங்கப்பூரில் காற்றைக் கெடுத்தால், நிலத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கருதலாம் என்பது அதன் அடிப்படை. நாளொன்றுக்கு 100,000 வெள்ளிவரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளிவரை அபராதம். இந்தச் சட்டம் எத்தனை பேரைத் தொட்டது என்று கேட்டால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ‘மூட்டுவித்தவன்’ என்று ஒருவன் உண்டு என்பதைச் சட்ட மொழியில் எழுதி வைத்தது. மலேசியா இதுபோன்ற சட்டத்தைப் பற்றி யோசித்தது. அதைத் தொடரப்போவதில்லை என்று அரசு 2023-இல் தெரிவித்தது. 2019 செப்டம்பரில் இந்தோனேசிய அதிகாரிகள் முத்திரையிட்ட தோட்டங்களில் மலேசிய நிறுவனங்களோடு தொடர்புடையவையும் இருந்தன என்பதை இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. அந்நிறுவனங்கள் தங்கள் தரப்பு விளக்கத்தை அளித்தன. அது இருக்கட்டும். ‘இந்தோனேசியப் புகை’ என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, லாபத்துக்கு மட்டும் வேறு குடியுரிமை கொடுத்துவிடுகிறோம்.

இந்த மூன்று வினைகளின் வேறுபாடு நம்மைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரிய வேண்டும்? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் காட்டை வெட்டி, காயவிட்டு, நெருப்பு வைத்து உருவானவையே. வெட்டிய கைகளிலும் நெருப்பு வைத்த கைகளிலும் நம் கொள்ளுத்தாத்தாக்களின் கைகள் உண்டு. சீனர், ஜாவானியர் கைகளும் உண்டு. அந்தக் காட்டை அழித்தவர்கள் தமிழர்கள் என்று எவராவது எழுதினால் நாம் சும்மா இருப்போமா? அவர்கள் நாள்கூலிக்கு மூட்டினார்கள், மூட்டுவித்தது லண்டனில் பங்கு விற்ற கம்பெனி என்று உடனே திருத்துவோம். அதே திருத்தம், இன்று ரியாவில் யாரோ ஒருவருடைய நிலத்தில் நெருப்பு வைத்துவிட்டுப் போலீசில் மாட்டிக்கொள்ளும் ஜாவானியக் கூலிக்கும் பொருந்தும்.

சிறு விவசாயிகளும் எரிக்கத்தான் செய்கிறார்கள். எல்லாப் பழியையும் பெரிய நிறுவனங்களின் தலையில் கட்ட முடியாது. அதற்கும் சுமத்ரா வரை போக வேண்டியதில்லை. கிள்ளானுக்கு அருகில் ஜொஹான் செத்தியாவில் இதே சதுப்புமண் இருக்கிறது. காய்ந்த மாதங்களில் அங்குள்ள விளைநிலங்களில் நெருப்பு பிடிப்பதும், அடியில் கனல்வதும், கிள்ளான் வட்டாரத்துக் காற்றுக் குறியீடு தனியாக ஏறி நிற்பதும் பலமுறை நடந்திருக்கின்றன. அந்தப் புகை எந்த எல்லையையும் தாண்டவில்லை. எந்த ஒப்பந்தமும் அதற்குத் தேவையில்லை. அதையும் நாம் ‘கிள்ளானில் புகைமூட்டம் நிலவுகிறது’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே எந்தத் துண்டு நிலம் யாருடையது, யாருக்கு வாடகைக்கு விடப்பட்டது, கால்வாய் யாரால் வெட்டப்பட்டது என்பதை அறிய மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் போதும்.